ஒரே புத்தகத்தில் முழு வேதாகம விளக்கவுரை: எதை வாங்கலாம்?

கேள்வி, 2024 ஜனவரி 8

தினமும் காலையில் தமிழ் பைபிளில் ஓர் அதிகாரம் படிக்கிறேன், பழைய மொழிபெயர்ப்பு. ஆங்கிலம் படித்தால் புரியும். வாடகை வீடு, புத்தகம் அடுக்க இடமில்லை. முழு வேதாகமத்துக்கும் ஒரே வால்யூமில் விளக்கவுரை ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் போதகர் மேத்யூ ஹென்றியின் விளக்கவுரை போதும் என்கிறார். நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் வேறு விளக்கவுரை தேவைப்படாது என்பது என் எண்ணம். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு 10.20

நியூ பைபிள் கமெண்டரி, 1994 பதிப்பு. வென்ஹாம், மொட்டியர், கார்சன், ஃபிரான்ஸ் நான்கு பேர் தொகுத்தது. ஆயுசுக்கும் அது ஒன்றே போதும் என்பது மட்டும் நடக்காது தம்பி. காரணம் நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

ஜனவரி 9

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பைபிளில் 66 புத்தகம், 1189 அதிகாரம். இந்த வகை விளக்கவுரைகள் பல 1400 பக்கத்தை ஒட்டி வருகின்றன. முன்னுரைகள், பொதுக் கட்டுரைகள், வரைபடங்கள் என்று ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தைப் பங்கிட்டால் ஓர் அதிகாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்குள் ரோமர் 9-ஐ ஒருவர் விளக்கியாக வேண்டும். 176 வசனம் உள்ள 119-ஆம் சங்கீதத்துக்கும் அதே நெருக்கடிதான். வம்ச வரலாறுகளில் மிச்சம் பிடித்து ரோமருக்குக் கொடுப்பார்கள். அப்படியும் போதாது.

ஆகவே எதையாவது விட்டே ஆக வேண்டும். எதை விடுகிறார்கள் என்பதில்தான் ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். சிலர் சிக்கலான வசனத்தை மெல்லத் தாண்டிப் போய்விட்டு, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை அரைப் பக்கம் எழுதுவார்கள். "யாக்கோபு தன் தவறை உணர்ந்தான், நாமும் உணர வேண்டும்" வகையறா. இது பிரசங்கத்தில் கிடைக்கும், இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது வேறு. இந்த இடம் கடினம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு இத்தனை விதமாக அர்த்தம் சொல்கிறார்கள், நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், காரணம் இது என்று நான்கு வரியில் சொல்ல வேண்டும். அதைச் செய்கிற புத்தகம் சின்னதாக இருந்தாலும் நல்ல புத்தகம்.

ஜனவரி 9, கொஞ்சம் கழித்து

அதிகாரத்துக்கு ஒரு பக்கம் என்றதும் பயந்துவிட வேண்டாம். விளக்கவுரைக்குள் பைபிள் வசனங்களை முழுதாக அச்சிடுவதில்லை. ஒரு பக்கம் முழுக்க, இரண்டு பத்தியாக, பொடி எழுத்தில் விளக்கம் மட்டும். நிதானமாகப் படித்தால் காப்பி ஆறிவிடும்.

ஜனவரி 11

மேத்யூ ஹென்றி. உங்கள் போதகர் சொன்னதைத் தள்ளிவிட மாட்டேன். எல்லாப் போதகரும் ஹென்றியை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று பெரிய பிரசங்கி ஸ்பர்ஜனே சொன்னவர். ஆனால் வாங்கும் முன் சில விஷயம் தெரிந்திருக்கட்டும்.

மூலம் ஆறு வால்யூம். ஹென்றி 1714-இல் இறந்தார். அப்போது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அவர் இறந்த பிறகு வேறு பல ஊழியர்கள் ஆளுக்கொரு நிருபமாக எழுதி முடித்தார்கள். "ரோமர் 8-க்கு மேத்யூ ஹென்றி என்ன சொல்கிறார் தெரியுமா" என்று மேடையில் முழங்குகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

ஒரே வால்யூமாகக் கிடைப்பது சுருக்கம். லெஸ்லி சர்ச் என்பவர் 1960 வாக்கில் சுருக்கிய பதிப்பு ஒன்று. "கன்சைஸ்" என்ற பெயரில் இருப்பது வேறொரு சுருக்கம். இரண்டும் ஒன்றல்ல, அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

ஹென்றியின் ருசியே அவர் நீட்டி முழக்குவதில்தான் இருக்கிறது. ஒரு வசனத்தை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு புத்திமதி வைத்து, கடைசியில் நம் நெஞ்சைத் தொட்டுவிடுவார். அதைச் சுருக்கினால் புத்திமதி மட்டும் மிஞ்சுகிறது. முழு ஆறு வால்யூமும் செல்போனில் இலவசமாகக் கிடைக்கும்போது சுருக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? தியானத்துக்கு ஹென்றியை போனில் வைத்துக்கொள்ளுங்கள். காசை வேறு புத்தகத்துக்குச் செலவழியுங்கள்.

ஜனவரி 12

எதை வைத்துப் புத்தகத்தை எடைபோடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வேதபாடம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்த சமயம், நியாயாதிபதிகள் ஓடிக்கொண்டிருந்தது. 11-ஆம் அதிகாரம், யெப்தா. போரில் ஜெயித்து வந்தால் என் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை செய்கிறான். மகள் தம்புரு வாசித்துக்கொண்டு வெளியே வருகிறாள். ஒரு வயதான அம்மா எழுந்து, "அந்தப் பிள்ளையை நிஜமாகவே தகனபலியாக்கிட்டானா ஐயா?" என்று கேட்டார்கள். கையிலிருந்த விளக்கவுரையைப் புரட்டினால் "அவசரப் பொருத்தனையின் ஆபத்து" என்று ஒரு வரி. அதோடு அடுத்த அதிகாரம்.

அதிலிருந்து புத்தகக் கடையில் எந்த விளக்கவுரையை எடுத்தாலும் நேராக நியாயாதிபதிகள் 11-க்குப் போய்விடுவேன். உண்மையாகவே பலியிட்டான் என்பது பழைய வாசிப்பு. கல்யாணமின்றி வாழ்நாள் முழுவதும் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டாள் என்பது இன்னொன்று. அவள் தன் கன்னிமைக்காக மலைகளில் துக்கங்கொண்டாடப் போனதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இரண்டையும் சொல்லி எந்தப் பக்கம் என்று துணிந்து சொன்னால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்பெண்.

அடுத்து 1 பேதுரு 3:19. "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்." யார் அந்த ஆவிகள்? கிறிஸ்து எப்போது போனார்? நோவாவின் வாயிலாக அன்றைய ஜனங்களுக்குப் பிரசங்கித்தார் என்றார் பழைய காலச் சபைத் தலைவர் அகஸ்டின். மரித்தோரிடத்துக்கு இறங்கினார் என்பது இன்னொரு கருத்து. விழுந்துபோன தூதர்களுக்குத் தம் வெற்றியை அறிவித்தார் என்பது மூன்றாவது. மூன்றும் இருக்க வேண்டும்.

மூன்றாவது எபிரெயர் 6:4-6. இங்கே புத்தகத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். ருசிபார்த்த பின் விழுந்துபோனவர்கள் உண்மை விசுவாசிகளா, இல்லையா? இரட்சிப்பை இழக்க முடியாது என்று நம்புகிறவர் ஒருவிதமாக எழுதுவார். இழக்கலாம் என்பவர் வேறுவிதமாக எழுதுவார். யார் எப்படி எழுதினாலும் சரி, எதிர்க்கட்சி சொல்வதையும் நியாயமாகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஜனவரி 13

ஒரு அன்பர் எழுதுகிறார்: "பரிசுத்த ஆவியானவர் இருக்க விளக்கவுரை எதற்கு?"

எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்டதும், "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று அவர் பதில் சொன்னதும் அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. பிலிப்புவை அனுப்பியதும் ஆவியானவர்தான். மேலும், இதைக் கேட்கிற நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கிறீர்கள் இல்லையா?

ஜனவரி 16

பக்கத்து வீட்டிலிருந்து நேற்று சர்க்கரைப் பொங்கல் வந்தது. வருஷா வருஷம் வரும். சாப்பிட்டுவிட்டோம். மச்சான் வந்திருந்தான், அவன் தொடவில்லை. அங்கேயே 1 கொரிந்தியர் 8, 10 என்று விவாதம் ஆரம்பித்துவிட்டது. கடையில் விற்கிற எதையும் மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரியாமல் வாங்கிப் புசியுங்கள் என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காகப் புசியாதிருங்கள் என்றும் அவரே சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவை நீட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வசனப்படிதான் நடந்தேன் என்பது என் வாதம்.

இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், அப்புறம் அலமாரியைத் திறந்து விளக்கவுரைகளைப் பார்த்தேன். மேற்கத்தியர் எழுதியவற்றில் இது கொரிந்துப் பட்டணத்து இறைச்சிச் சந்தையில் முடிந்துபோன பிரச்சினை. வரலாறு நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் எழுதினவர் வீட்டுக்கு யாரும் படையல் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்பது படித்தாலே தெரிகிறது.

2015-இல் வந்த சவுத் ஏஷியா பைபிள் கமெண்டரி இந்த இடத்தில் கை கொடுக்கிறது. பிரயன் விண்டல் பொதுப் பதிப்பாசிரியர். எழுதினவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். இங்குள்ள வாழ்க்கைச் சிக்கல்களைப் பற்றித் தனியாகக் குட்டிக் கட்டுரைகளும் நடுநடுவே உண்டு. அதற்கு முன்னோடி 2006-இல் வந்த ஆப்பிரிக்கா பைபிள் கமெண்டரி. நைஜீரியாவின் டோக்குன்போ அடேயெமோ தலைமையில் 70 ஆப்பிரிக்கர்கள் எழுதியது. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம், முன்னோர் வழிபாடு, எய்ட்ஸ் என்று அவர்கள் ஊர்க் கேள்விகளை எடுத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். முன்னோர் வழிபாடு பற்றிய பகுதியைப் படித்தபோது, திதி கொடுக்கும் குடும்பத்திலிருந்து சபைக்கு வந்தவர்கள் எங்களிடம் கேட்கிற கேள்விகளே அங்கும் இருந்தன.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வாழ்க்கையோடு ஒட்டிப் படிக்க வேண்டும் என்றால் சவுத் ஏஷியா. வசனத்தின் வரலாறும் வாதமும் வேண்டும் என்றால் நியூ பைபிள் கமெண்டரி. முதல் நாள் ஒரே பெயரைச் சொன்னேன், இப்போது இரண்டாகிவிட்டது. இன்னும் ஏறும்.

ஜனவரி 16, இரவு

மச்சான் கிளம்பும்போது பொங்கல் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். நான் விசாரிக்கவில்லை.

ஜனவரி 20

மச்சான் சகோதர சபைக்காரன். அவனுக்கு விளக்கவுரை என்றால் வில்லியம் மெக்டொனால்டின் பிலீவர்ஸ் பைபிள் கமெண்டரிதான். மெக்டொனால்டும் அதே சபையார். 1990-களின் நடுவில் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் சேர்ந்து ஒரே வால்யூமாக வந்தது. 2000 பக்கத்தை நன்றாகத் தாண்டும். ஒரு மனிதர் தனியாகவே முழு பைபிளுக்கும் எழுதினார் என்பதே பெரிய விஷயம்.

நல்லது எது? எழுத்து எளிமை. நம் ஊர்ப் பள்ளி ஆங்கிலமே போதும். புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் வசனம் வசனமாகப் போகிறது. வரியைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

குறை? புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம்தான். 1189-இல் கால் பங்குகூட இல்லை. ஆனால் புத்தகத்தில் ஏறக்குறைய பாதியை அது எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய ஏற்பாடு ஒல்லி. எரேமியாவை ஊன்றிப் படிக்கிறவருக்கு இது ஏமாற்றம்தான்.

அடுத்தது அவர் கோட்பாடு. சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பின்தான் மகா உபத்திரவம், அதன் பின் ஆயிரவருட அரசாட்சி. அந்த வரிசையில்தான் தீர்க்கதரிசனம் முழுதும் வாசிக்கப்படும். எசேக்கியேல் 40 முதல் 48 வரையுள்ள ஆலயம் வருங்காலத்தில் நிஜமாகக் கட்டப்படும் ஆலயம். எபிரெயர் 6-இல் விழுந்துபோனவர்கள் ஒருநாளும் மறுபடி பிறந்தவர்கள் அல்ல. உங்கள் சபையும் இப்படித்தான் போதிக்கிறது என்றால் வசதி. இல்லையென்றால் தெரிந்துகொண்டு படியுங்கள். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்நியபாஷை பற்றிய பகுதிகளில் முகம் சுருங்கும்.

மச்சானிடம் இதைச் சொன்னால், "உங்க புத்தகத்துக்குக் கோட்பாடே இல்லையா அத்தான்?" என்கிறான். இருக்கிறது. நியூ பைபிள் கமெண்டரி சுவிசேஷப் பற்றுள்ளவர்கள் எழுதியது, அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் நாற்பதுக்குக் கிட்ட ஆட்கள் எழுதும்போது ஒருவரின் பிடிவாதம் புத்தகம் முழுக்கப் பரவாது. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அதில் பீஸ்லி-மர்ரி எழுதியதையும் மெக்டொனால்ட் எழுதியதையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டு வேறு புத்தகங்களுக்கு விளக்கம் எழுதினார்களோ என்று தோன்றும். சீர்திருத்தக் காலத்துப் போதகர் கால்வின் புத்திசாலி. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டு, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு விளக்கவுரை எழுதவே இல்லை.

ஜனவரி 23

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறேன். எந்த ஆங்கிலப் பைபிளை வைத்து விளக்கவுரை எழுதியிருக்கிறார்கள் என்பது, பழைய மொழிபெயர்ப்பில் படிக்கிற தமிழருக்குப் பெரிய விஷயம்.

நம் பைபிளில் மத்தேயு 17:21 இருக்கிறது. "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி" என்று தொடங்கும் வசனம். அப்போஸ்தலர் 8:37 இருக்கிறது. 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள் என்று இருக்கிறது. என்ஐவி ஆங்கிலப் பைபிளில் இவை அடிக்குறிப்புக்குப் போய்விட்டன. 1994-இன் நியூ பைபிள் கமெண்டரி என்ஐவியை வைத்து எழுதியது. விளக்கம் தேடிப் போனால் வசனமே இல்லாதது போலிருக்கும். மெக்டொனால்ட் நியூ கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுதினார். அதில் இந்த வசனங்கள் எல்லாம் உண்டு. வரிக்கு வரி தமிழோடு ஒத்துப்போகும் வசதியில் அவர்தான் முந்துகிறார். இதை முன்பே மச்சானிடம் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

1 யோவான் 5:7-இன் கதை ருசியானது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வரி இல்லை. ஏன் விட்டீர் என்று சண்டைக்கு வந்தார்கள். 1522-இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து கிங் ஜேம்ஸ் வரை வந்து, தமிழிலும் நுழைந்தது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. 1995-இல் வந்த புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பாருங்கள், அந்த வரி இருக்காது.

இனி இந்த ஒரு வசனத்தை வைத்துப் புத்தகங்களை ஒப்பிடலாம். மேத்யூ ஹென்றி தொகுப்பில் அது உண்மையான வசனம்தான் என்று நீளமாக வாதாடியிருக்கும், எழுதினவர் ஹென்றி அல்ல, அவருக்குப் பின் வந்தவர். 1871-இன் ஜேமிசன், ஃபாசெட், பிரவுன் விளக்கவுரை அதை ஏற்காது. மெக்டொனால்ட், மிகச் சில கிரேக்கப் பிரதிகளில்தான் இருக்கிறது, அதனால் வேதத்தின் தெய்வீகத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போவார். அது எனக்குப் பிடித்தது. திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

ஜனவரி 24

"அப்படியானால் எங்கள் பைபிளில் தப்பு இருக்கிறதா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் மொழிபெயர்த்தவர்கள் கையில் இருந்த மூலத்தை வைத்து உண்மையாக வேலை செய்தார்கள். சீனாய் மலை மடத்துப் பழைய பிரதியை டிஷெண்டார்ஃப் என்ற அறிஞர் வெளியே கொண்டுவந்தது 19-ஆம் நூற்றாண்டில். சவக்கடல் சுருள்கள் 1947-க்குப் பிறகு. முன்னோர் பார்த்திராததை நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். விளக்கவுரை எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதல் பக்கத்தில் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். சில பழைய பிரதிகளில் இல்லாத மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டு ஆளிடம் கேட்டுப் பயனில்லை.

பிப்ரவரி 1

அலுவலகத்தில் கூட வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் நியூ ஜெரோம் பிப்ளிகல் கமெண்டரியை இரவல் கொடுத்திருந்தார். 1990 பதிப்பு. ரேமண்ட் பிரவுன், ஃபிட்ஸ்மையர், மர்ஃபி தொகுத்தது. இதற்கு முந்தையது 1968, அடுத்தது 2022. மூன்றும் கத்தோலிக்க அறிஞர்கள் எழுதியவை.

கத்தோலிக்க பைபிளில் கூடுதலாக உள்ள தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. நியூ பைபிள் கமெண்டரியில் இவை கிடையாது. திருவிவிலியம் படிக்கிற கத்தோலிக்க வாசகர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் நான் சொன்ன பட்டியலை மறந்துவிட்டு நேராக ஜெரோமுக்குப் போங்கள்.

ஆனால் படிக்கச் சுலபமில்லை. எங்கு பார்த்தாலும் சுருக்கெழுத்து, புள்ளி, எண், அடைப்புக்குறி. ஒரு பத்தியில் வேறு நான்கு பத்திகளைப் பார்க்கச் சொல்வார்கள். காலைத் தியானத்துக்கு ஆகாது, மேசையில் உட்கார்ந்து பென்சிலோடு படிக்க வேண்டியது.

தானியேலில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாபிலோனில் இருந்த தானியேலே எழுதினார் என்று நாம் ஓய்வுநாள் பாடசாலையில் படித்தோம். ஜெரோம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோகஸ் ராஜா யூதரைத் துன்புறுத்திய காலத்தில் எழுதப்பட்டது என்ற முடிவில் நிற்கும். மெதடிஸ்டான ஏ.எஸ். பீக் 1919-இல் தொகுத்த பீக்ஸ் கமெண்டரியும் அந்தப் பக்கம்தான். ஆக, இது கத்தோலிக்கர் புராட்டஸ்டண்ட் தகராறு இல்லை. நியூ பைபிள் கமெண்டரி பழைய கருத்தின் பக்கம் நிற்கும். உங்கள் மனசு எதைத் தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டையும் படித்ததில் ஒன்று புரிந்தது: 11-ஆம் அதிகாரத்தின் ராஜாக்கள் சண்டையை விளக்குவதில் 2-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எந்த ராஜா, எந்த யுத்தம் என்று பெயர் பெயராகச் சொல்கிறார்கள். அவர்கள் முடிவை ஏற்காவிட்டாலும் அந்தத் தகவல் நமக்கு வேண்டும்.

பிப்ரவரி 2

நான் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டேனா என்று தனிச்செய்தியில் விசாரித்த சகோதரருக்கு: இல்லை. நாளைக்குச் சபையில்தான் வெள்ளையடிக்கிற வேலையில் இருப்பேன். வந்தால் ஒரு பிரஷ் தருகிறேன்.

பிப்ரவரி 11

நியூ பைபிள் கமெண்டரியை ரொம்பத் தூக்கிப் பேசிவிட்டேனோ என்று இந்த வாரம் தோன்றியது. யோபு படித்துக்கொண்டிருக்கிறேன். டேவிட் கிளைன்ஸ் எழுதிய பகுதி. யோபுவின் சிநேகிதர் ஒவ்வொருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று அவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறார். இத்தனை நாள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் எனக்கு ஒரே ஆள் மூன்று வேஷத்தில் வந்த மாதிரி இருந்தார்கள்.

ஆனால் படித்து முடித்தால் மனசு காய்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் போன மாதம் மகனை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும் முன் யோபு 19-ஐப் படித்தேன். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற இடம். அதில் உயிர்த்தெழுதல் சொல்லப்படுகிறதா இல்லையா என்ற வாதம் புத்தகத்தில் கச்சிதமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை. போனை எடுத்து ஹென்றியைப் படித்துவிட்டுப் போனேன். உங்கள் போதகர் ஏன் அவரைச் சொல்கிறார் என்பது அன்றைக்குப் புரிந்தது. இழவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற ஆளுக்கு அவர் வேண்டியிருக்கிறது.

ஆகவே, கையில் ஒன்று, போனில் ஒன்று. ஒன்றே போதும் என்ற உங்கள் எண்ணத்தை இதோடு விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 12

போன் என்றதும் எந்த ஆப் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆண்ட்ராய்டில் மைஸ்வோர்ட், கம்ப்யூட்டரில் ஈ-ஸ்வோர்ட். இரண்டும் இலவசம். ஹென்றியும் ஜேமிசன், ஃபாசெட், பிரவுனும் காப்புரிமை தீர்ந்தவை, காசில்லாமலே கிடைக்கும். மூன்று பேர் எழுதிய இந்த விளக்கவுரை ஹென்றிக்கு நேர் எதிர், சுருக்கமாகப் பேசும். சில இடங்களில் தந்தி அடித்த மாதிரி இருக்கும். சொல்லப்போனால் ஒரு பைசா செலவழிக்காமல் இந்த இரண்டை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டலாம். குறை ஒன்றுதான்: தோண்டியெடுத்த ஊர்கள், சுருள்கள், களிமண் பலகைகள் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெரிய எழுத்து வேண்டுகிறவர்களுக்கும் போன்தான். எனக்குக் கண்ணாடி மாறியதிலிருந்து ஜெரோமின் அடிக்குறிப்பெல்லாம் எறும்பு ஊர்கிறது.

மார்ச் 3

கேள்வி கேட்ட தம்பி கடைசியில் வாங்கிவிட்டார். பழைய புத்தகக் கடையில் நியூ பைபிள் கமெண்டரி, ஆனால் 1970 பதிப்பு, கத்ரியும் மொட்டியரும் தொகுத்தது. 1994 கிடைக்கவில்லையாம். "மோசம் போய்விட்டேனா அண்ணே?" என்று கேட்கிறார்.

இல்லை. 1953-இல் வந்த முதல் பதிப்பைத் திருத்தியது 1970. ஆர்எஸ்வி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுதியது. விடுபட்ட வசனங்கள் விஷயத்தில் 1994-க்கு இருக்கிற அதே தொல்லை இதிலும் உண்டு. ஆட்களும் பெரும்பாலும் வேறு. ஆதியாகமத்துக்கு வென்ஹாமும் ரோமருக்கு டக்ளஸ் மூ என்பவரும் எழுதியது 1994-இல்தான், அதை நீங்கள் இழக்கிறீர்கள். மற்றபடி நல்ல புத்தகம். எங்கள் சபை நூலகத்தில் அது ஒன்றுதான் பல வருஷம் இருந்தது, வேதபாடம் நடத்தியவர்கள் எல்லாம் அதை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

பழைய புத்தகம் என்பதால் ஒன்று செய்யுங்கள். இன்றைக்கே பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். நான் ஒரு தடவை பழையதாக வாங்கிய விளக்கவுரையில் எசேக்கியேல் நடுவிலிருந்து ஓசியா நடுவுக்குத் தாவியது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தானியேல் முழுதும் போச்சு. அந்த வருஷம் வேதபாடத்தில் தானியேல் எடுக்கவில்லை, காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 3, மாலை

பக்கம் எல்லாம் இருக்கிறதாம். யெப்தாவையும் பார்த்துவிட்டாராம். என்ன சொல்லியிருக்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5

படிக்கிற முறை பற்றிக் கேட்டதற்கு: முதலில் அதிகாரத்தைத் தமிழில் இரண்டு தடவை படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோடு போட்ட இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். புத்தகத்தை முதலில் திறந்தால் அது கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் கேட்பீர்கள். ஒவ்வொரு வேதாகமப் புத்தகத்தின் முன்னுரையை மட்டும் தொடங்கும் முன்பே படித்துவிடலாம். ஆமோஸ் யார், எந்த ராஜா காலம், யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் முதல் அதிகாரத்துக்குள் போனால் தமஸ்குவும் காத்சாவும் ஏன் திட்டு வாங்குகின்றன என்று விளங்காது.

அட்டை போடச் சொன்னது யார்? இவ்வளவு தடித்த புத்தகத்துக்கு பிளாஸ்டிக் அட்டை போட்டால் வழுக்கிக் காலில் விழும். பிரவுன் பேப்பர் போதும்.